கூப்பிட்ட குரல்

மரமாக இருந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஹிசாயோ நாலு எட்டு தள்ளிப் போய் உட்கார்ந்தார், அத்தோடு பேச்சு நின்றது. இனி மலைக்கு அந்தப் பக்கமிருந்து நாய்களை விட்டு மான்களை விரட்டிக்கொண்டு வருகிறவர்கள் வாக்கி டாக்கியில் முடிந்தது என்று சொல்லும்வரை அசையக் கூடாது, இருமக் கூடாது, தும்மல் வந்தால் சட்டைக் கையைக் கடித்துக்கொள்ள வேண்டும், மூக்கு ஒழுகினால் ஒழுகட்டும். இசக்கி ஒரு கிழட்டு மரத்தின் வேரிடுக்கில் முதுகைச் சாய்த்து, கைகள் இரண்டையும் தொடைக்கு நடுவில் செருகிக்கொண்டு, எதிரே இருந்த சரிவைப் பார்த்தபடி இருந்தாள். இங்கே ஜப்பானில் மணி எட்டரை இருக்கும். அப்படியென்றால் கோவில்பட்டியில் ஐந்து. அம்மா எழுந்திருப்பாள், வாசலில் தண்ணீர் தெளிக்கிற நேரம், தெளிப்பாள், ஆனால் கோலம் போட மாட்டாள், திதி அன்றைக்குக் கோலம் கிடையாது. தம்பி சொரிமுத்து செத்து இன்றோடு ஒரு வருஷம். பத்து மணிக்குப் படையல், பத்து என்றால் இங்கே ஒன்றரை, அதற்குள் அவள் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நேற்று அம்மா போனில் கேட்டாள். தம்பி பெண்டாட்டி செண்பகத்தின் அப்பா சாத்தூரிலிருந்து பேசினாராம், செண்பகம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து புருஷன் படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடட்டும், பந்தியில்கூட உட்கார வேண்டாம் என்றாராம். நீ படிச்சவ, நீ சொல்லுளா, அவ வரலாமா வரக்கூடாதா என்றாள் அம்மா. நாளைக்குச் சொல்லுதேம்மா என்று இசக்கி போனை வைத்துவிட்டாள். அந்தப் போனை அணைத்துவிட்டாள், அது இப்போது மேல்சட்டையின் உள்பையில் கிடக்கிறது, மூச்சு விடும்போதெல்லாம் விலாவில் முட்டுகிறது. நாளைக்கு என்று சொன்ன நாளை வந்துவிட்டது. வந்த நாளில் அவள் வாயைத் திறக்கக் கூடாத ஓர் இடமாகப் பார்த்து வந்து உட்கார்ந்திருக்கிறாள். யாரும் தள்ளிக்கொண்டு வரவில்லை. நான் இந்த ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்று ஹிசாயோவிடம் கேட்டது அவள்தான்.

கேட்டதற்கு நியாயமான காரணமும் இருந்தது. மான்கள் இந்த மலைத் தோட்டங்களில் பட்டையை உரித்துத் தின்று மரங்களைச் சாகடிப்பதைப் பற்றித்தான் ஐந்து வருஷமாக ஷிகோகு தீவில் அவளுடைய ஆராய்ச்சி. உரிந்த மரங்களை எண்ணியிருக்கிறாள், புழுக்கையைப் பொறுக்கி உலர்த்தியிருக்கிறாள், சுட்ட மானின் இரைப்பைச் சரக்கை ஐஸ் பெட்டியில் யாராவது கொண்டுவந்து தருவார்கள். சுடுவதைப் பார்த்ததில்லை. ஹிசாயோ ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி, அடிவாரத்தில் முடி வெட்டும் கடை வைத்திருக்கிறார், கடை லீவு விடுகிற நாளில் துப்பாக்கி எடுப்பார், இருபத்தாறு வருஷமாக இப்படி. மேலே ஏறி வரும்போது முழுக்கப் பேச்சுதான். வேட்டைக் கூட்டத் தலைவர் நகாதானிக்கு வழுக்கை விழுந்து பத்து வருஷம் ஆகிறது, இன்னும் மாதம் தவறாமல் வந்து நாற்காலியில் உட்காருகிறார், நான் காற்றையே கத்தரிக்கிறேன் என்றார். பிறகு, கேட்காமலேயே, மானைப் பற்றிச் சொன்னார். மான் ஓடும்போது சுடுவது கஷ்டம், வேகம் அப்படி. ஆனால் கொஞ்சம் ஓடியதும் அது நின்று திரும்பிப் பார்க்கும், அதன் குணம் அது, துரத்துவது யார், ஓடினது போதுமா என்று பார்க்கும். அந்த ஒரு மூச்சுதான் நமக்கு. நிற்காமல் போகிறது என்றால் வாயால் சின்னதாய் ஒரு சத்தம் கொடுத்தால் போதும், பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி நின்றுவிடும். இசக்கிக்கு அந்த இடத்தில் கால் இடறியது. வழுக்குது பாருங்க, மெல்ல வாங்க என்று ஹிசாயோ கை கொடுத்தார். சூடான, காய்ப்பு ஏறிய கை, கத்தரிக்கோல் பிடித்த காய்ப்பு.

பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி. அதை நினைக்க வேண்டாம். கால் விரல்களை நினைக்கலாம், இடது காலில் சுண்டுவிரல் இருக்கிறதா என்றே தெரியவில்லை, பூட்ஸுக்குள் அசைத்துப் பார்க்கலாம், உள்ளே அசைவது அசைவதில் சேருமா. மரங்கள் ஒரே வயதில் ஒரே உயரத்தில் வரிசையாக நிற்கின்றன, மனுசன் நட்டது. கீழே ஒரு பச்சை கிடையாது, எல்லாம் மான் மேய்ந்தது, நஞ்சுள்ள ஒரு பெரணிச் செடி மட்டும் அங்கங்கே விட்டுப்போயிருக்கிறது, மானுக்குத் தெரியும் எதை விட வேண்டும் என்று. எதிர்ச் சரிவில் ஏழு மரம் உரிந்திருக்கிறது, எட்டாவது பாதி. எண்ணுவது நல்லது, எண்ணும்போது வேறெதுவும் வராது. ஒன்பது. அன்றைக்கு மாடிக் கொடியில் எத்தனை துணி கிடந்தது. நீலப் புடவை ஒன்று, அம்மாவுடையது, இரண்டு தலையணை உறை, தம்பி மகள் நிறைமதியின் சட்டைகள் நாலோ ஐந்தோ, அந்தப் பிள்ளைக்கு அப்போது மூன்று வயது, ஒரு நாளைக்கு நாலு சட்டை அழுக்காக்கும். இசக்கி மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஊருக்கு வந்து பதினெட்டு நாள், இன்னும் மூன்று நாளில் ஜப்பானுக்கு விமானம். கீழே முத்து வண்டியை எடுத்தான். இதோடு நிறுத்திக்கொள்ளலாம். வண்டியை எடுத்தான், போய்விட்டான், போன இடத்தில் வேலையை முடித்துக்கொண்டு மத்தியானம் சாப்பிட வந்தான், மீன் குழம்பில் புளி தூக்கல் என்று அம்மாவிடம் சொன்னான். ஒரு வருஷமாக எத்தனையோ தடவை நினைப்பில் அவனை அந்த மீன் குழம்புவரை கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். பாதி சாப்பாட்டில் அவன் முகம் இல்லாமல் போய்விடும், தட்டில் கை மட்டும் பிசைந்துகொண்டிருக்கும்.

தூரத்தில் நாய் குரைத்தது. வாக்கி டாக்கி காதுக்குள் கரகரவென்று ஏதோ சொன்னது, மூன்று மான், கிழக்கே, என்பது மட்டும் புரிந்தது. ஹிசாயோ துப்பாக்கியை மடியிலிருந்து அரை அடி உயர்த்தினார், அவ்வளவுதான், தலைகூடத் திரும்பவில்லை. எந்தச் சத்தமும் இல்லாமல் ஒரு பெட்டை மான் சரிவின் உச்சியில் வந்து நின்றது, வந்ததை இசக்கி பார்க்கவில்லை, நிற்பதைத்தான் பார்த்தாள், வானத்தில் ஒட்டிய மாதிரி நின்றது. ஹிசாயோ சுடவில்லை. மானுக்குப் பின்னால் மண் இல்லை, வெறும் வானம், தப்பினால் குண்டு எந்த ஊருக்குப் போகும் என்று தெரியாது, பின்னால் மண் இருந்தால்தான் சுட வேண்டும், அதையும் ஏறும்போது சொல்லியிருந்தார். மான் காதை ஆட்டிவிட்டு அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. இசக்கி அப்போதுதான் மூச்சு விட்டாள், மூச்சு வெள்ளையாக முன்னால் போய்க் கலைந்தது. சுடும்போது ஹிசாயோ அந்தச் சத்தத்தைக் கொடுப்பார். துப்பாக்கிச் சத்தத்துக்குக்கூட அவள் பயப்படவில்லை, அந்தச் சின்னச் சத்தம் எப்போது வரும் எப்போது வரும் என்று காலையிலிருந்து அவள் பிடரி விறைத்துப்போய்க் கிடக்கிறது.

புறப்பட்டவனைப் பின்னால் கூப்பிடக் கூடாது என்பது அம்மாவுக்குச் சட்டம். எதையாவது மறந்து விட்டுப் போனால் ஓடிப் போய் முன்னால் நின்று கொடுப்பாள், பேர் சொல்ல மாட்டாள். கூப்பிட்டுவிட்டால் போச்சு, திரும்பி வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். இசக்கி பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்ததிலிருந்து இதைக் கேலி செய்வாள், முத்து கிளம்பும்போது வேண்டுமென்றே பின்னாலிருந்து ஏலேய் என்று கத்துவாள், அவன் போலியாகத் தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வந்து, யக்கா, எமனுக்கு உங்கூடத்தான் கூட்டு என்று அவள் சடையைப் பிடித்து இழுப்பான். அது வேறு. அன்றைக்கு அவள் கேலியாகக் கூப்பிடவில்லை. கடலை மிட்டாய். ஆய்வுக்கூடத்து ஆட்களுக்கு ஆறு பாக்கெட் வாங்கி வரச் சொல்லியிருந்தாள், துணியை உதறும்போது திடீரென்று ஆறு போதாது, எட்டாக வாங்கிவிடலாம் என்று தோன்றியது. அவ்வளவுதான். கைப்பிடிச் சுவருக்கு வந்து, ஏலே முத்து, நில்லு என்றாள். வண்டி அதற்குள் பைபாஸ் ரோட்டில் ஏறிப் பாதி கடந்திருந்தது. வண்டி நின்றது. பாதி ரோட்டில் நின்றது. தண்ணி லாரி. இல்லை, அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது, அந்த இடத்தைத்தான் அவள் ஒரு வருஷமாகத் தாண்டித் தாண்டிப் போகிறாள்.

கீழே கேட்டருகில் செண்பகம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நிறைமதி டாட்டா டாட்டா என்று கத்திக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுத் தங்கபுஷ்பம் அத்தை உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள், சத்தம் கேட்டு ஓடி வந்தவள், மூன்றாம் நாள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள், நில்லுன்னு ஒரு பொம்பளக் குரல் கேட்டுச்சு மதினி, வெளிய வந்து பாத்தா இவதான் கேட்டுல நிக்கா. அவ்வளவு போதுமாயிருந்தது. புருஷனைப் பின்னால் கூப்பிட்டு அனுப்பிவைத்தவள் என்று பேர் விழுந்தது. பதினாறு முடிந்ததும் செண்பகத்தின் அப்பா வந்து மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு போனார், அம்மா உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. செண்பகம் மறுக்கவில்லை. தங்கபுஷ்பம் அந்த வார்த்தையைச் சொன்னபோது ஒரே ஒரு தடவை தலையைத் தூக்கி இசக்கியைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். சொல்லுவீங்கல்லா என்று கேட்கிற மாதிரி, சொல்லிவிடுவாள் என்று நம்புகிற மாதிரி பார்த்தாள். இசக்கி வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து யாரோ காபித் தட்டை நீட்டினார்கள், எடுத்துக்கொண்டாள். காபி எடுத்த கையோடு அதை எப்படிச் சொல்வது, குடித்து முடித்துச் சொல்லலாம், குடித்து முடிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது, ராத்திரி சொல்லலாம், காரியம் முடியட்டும், போய்ச் சேர்ந்து போனில் சொல்லலாம். ஒரு டம்ளர் காபி ஒரு வருஷம் ஆகிவிட்டது.

அவளுக்கென்று ஒரு பொந்து இருந்தது, அதற்குள்தான் இத்தனை நாளும் ஒடுங்கிக் கிடந்தாள். முத்து அவள் குரலுக்குத்தான் நின்றான் என்று யாருக்குத் தெரியும். ஹெல்மெட் போட்டிருந்தான். பிள்ளை டாட்டா சொன்னதற்குக் கை காட்ட நின்றிருக்கலாம். வண்டியே ஆஃப் ஆகியிருக்கலாம், அந்தப் பழைய வண்டி அடிக்கடி அப்படி நிற்கும். அம்மா நம்புகிற சகுனமெல்லாம் பொய் என்று அவளால் பத்துப் பேர் நடுவில் நிரூபிக்க முடியும், பின்னால் கூப்பிட்டால் எமன் வருவான் என்பது முட்டாள்தனம், ஆனால் கூப்பிட்டால் நிற்பான் என்பது முட்டாள்தனம் இல்லை, ரோட்டின் நடுவில் நின்றால் லாரி வரும் என்பதும் இல்லை. அம்மா தப்பான வழியில் வந்து சரியான வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். இல்லை, அதுவும் இல்லை, அவள் தட்டுவது செண்பகத்தின் கதவை. பிள்ளைக்குத்தான் நின்றான். பிள்ளைக்குத்தான். பதினொன்று, பன்னிரண்டு, பன்னிரண்டாவது மரத்தில் உரிந்த இடம் புதுசு, பால் வெள்ளை.

நாய்கள் இப்போது பக்கத்தில். ஹிசாயோவின் முதுகு மாறியது, எப்படி மாறியது என்று சொல்லத் தெரியாது, முதுகு கேட்க ஆரம்பித்தது. கீழ்ச் சரிவில் சருகு நொறுங்கியது, ஒரு இளம் ஆண் மான், கொம்பு இரண்டும் கிளைவிடாத ஒற்றைக் குச்சி, அவர்களுக்குக் குறுக்காக ஓடியது, பின்னால் முழுக்க மண் சரிவு, எல்லாம் சரியாக இருந்தது, துப்பாக்கி தோளுக்குப் போய்விட்டது. மான் நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது, இன்னும் இருபது அடி போனால் மூங்கில் புதர், புதருக்குள் போய்விட்டால் தப்பித்தது. ஹிசாயோ உதட்டைக் குவித்தார். அதை இசக்கி பார்த்தாள். அந்தச் சத்தம் வெளியே வருவதற்குள் அதைத் தாண்டிப் போக வேண்டும் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது, அவள் எழவில்லை, கையை ஆட்டவில்லை, நிக்காத, ஓடு, ஓடிரு என்று தமிழில் கத்தினாள். மான் நின்றது. கால் நான்கும் ஊன்றி நின்றது. முதலில் காதுகள் திரும்பின, பிறகு கழுத்து. துப்பாக்கி பிடித்திருந்தவரை அது பார்க்கவில்லை. நேராக இசக்கியைப் பார்த்தது, குரல் வந்த இடத்தை, கன்னங்கரேலென்று ஈரமாயிருந்த கண்ணால். அந்தப் பார்வை அவள்மேல் இருக்கும்போதே வெடித்தது.

முத்து நிமிர்ந்து பார்த்தான். தாண்டித் தாண்டிப் போன இடம் அதுதான். பிள்ளை கீழே கேட்டில் இருந்தது, பிள்ளைக்கு என்றால் அவன் நேரே பார்த்திருப்பான். அவன் ஹெல்மெட்டை மேலே தூக்கி, மாடியைப் பார்த்தான். என்னக்கா என்று கேட்கிற மாதிரி மோவாயை அசைத்தான். அதற்கு அவள் எட்டு என்று விரலைக் காட்டத் தொடங்கியிருந்தாள்.

பிறகு நடந்தவை வரிசையாகத்தான் நடந்தன. மான் விழுந்த இடத்துக்கு ஹிசாயோ போனார், துப்பாக்கியிலிருந்து குண்டை எடுத்தார், கழுத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், முடிந்துவிட்டிருந்தது, ஒரு கணம் கண்ணை மூடிக் கைகளைக் குவித்தார். வாக்கி டாக்கியில் நகாதானியின் குரல் உறுமியது. விரட்டி வந்த இன்னும் இரண்டு மான்கள் மனிதக் குரல் கேட்டு நாய்களைத் தாண்டித் திரும்பிப் போய்விட்டன, காத்திருந்த மூன்று பேரின் காலைப்பொழுது வீண், கத்தினது யார் என்று கேட்டார். இசக்கி எழுந்து நின்றாள், கால் மரத்துப்போயிருந்தது. ஹிசாயோ பொத்தானை அமுக்கி, நான்தான், கால் வழுக்கிவிட்டது, மன்னிக்கணும் என்றார். அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள், இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை என்று இன்னொருவர் இழுத்தார். ஹிசாயோ பொத்தானை விட்டார். உங்க பேரைச் சொன்னால் அடுத்த தடவை மலையேற விடமாட்டார்கள், என்னை ஒன்றும் செய்ய முடியாது, அத்தனை பேரும் என் கத்தரிக்குக் கீழே தலையைக் கொடுக்கிறவர்கள்தானே என்றார். முகத்தில் சிரிப்பில்லை.

"அதுகிட்ட என்ன சொன்னீங்க?"

"நிக்காதே, ஓடுன்னு சொன்னேன்."

ஹிசாயோ மானைப் பார்த்தார். "நீங்க என்ன சொன்னாலும் அதுக்கு ஒண்ணுதான்," என்றார். பிறகு கத்தியை எடுத்தார், கழுத்தடியில் குத்தி ரத்தத்தை வடிய விட வேண்டும், தாமதித்தால் இறைச்சி கெட்டுவிடும், பின்னங்காலைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். இசக்கி ஒரு நிமிஷம் என்று கைகூப்பிவிட்டு நாலு மரம் தள்ளிப் போனாள். அவள் குரலை வேறொருத்தி தன் தலையில் போட்டுக்கொண்டது இது இரண்டாம் தடவை. போனை உயிர்ப்பித்தாள். மணி பதினொன்றே கால். அங்கே ஏழே முக்கால்.

அம்மா எடுத்ததும் காய் நறுக்கும் சத்தம் கேட்டது. சொல்லுளா என்றாள்.

"அம்மா, அன்னைக்கு மாடியில இருந்து முத்துவக் கூப்பிட்டது நான்."

நறுக்குகிற சத்தம் நின்றது. அம்மா எழுந்து எங்கேயோ போகிறாள், கதவைச் சாத்துகிறாள். கத்துவாள், மாரில் அடித்துக்கொள்வாள் என்று இசக்கி மரத்தைப் பிடித்துக்கொண்டாள். அம்மா அடங்கின குரலில், பால்காரனிடம் பேசுகிற மாதிரி பேசினாள்.

"தெரியும். பெத்தவளுக்குக் குரல் தெரியாதா?"

"தெரிஞ்சுமா?"

"அவன் போயிட்டான். மிச்சம் இருக்கது நீ ஒருத்தி. உன்னையும் ஊரு வாயில தூக்கிப் போடச் சொல்லுதியா? அவ வேற வீட்டுப் பிள்ள, தாங்கிக்கிடுவா." தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. "கேட்டத மறந்துட்டேன். நீயும் சொன்னத மறந்துரு. அவ வர வேண்டாம்னு சொல்லிரு, போதும்."

போனை எல்லார் நடுவிலும் ஸ்பீக்கரில் போடும்மா, தங்கபுஷ்பம் அத்தை முன்னால் போடு, நானே சொல்லுகிறேன் என்றாள் இசக்கி. அம்மா கடைசியாக ஏதோ சொன்னாள், கும்பிடுதேன் என்று இருக்கலாம், கும்பிடு என்றும் இருக்கலாம், அதற்குள் வைத்துவிட்டாள். இசக்கி மறுபடி கூப்பிட்டாள், அம்மா எடுக்கவில்லை. அப்படியானால் இந்த ஒரு வருஷமும் போனில் சாப்பிட்டியா, அங்க குளிரா என்று கேட்டதெல்லாம். அந்த நினைப்பு எங்கேயோ இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது, போகவில்லை, சாத்தூர் எண்ணை அழுத்தினாள். செண்பகத்தின் அப்பா எடுப்பார் என்று நினைத்தாள். செண்பகமே எடுத்தாள், திரையில் பேர் பார்த்திருப்பாள்.

இசக்கி தொடக்கமும் முடிவும் இல்லாமல் சொன்னாள். நீ இல்லை, நான்தான், அது உனக்குத் தெரியும், அம்மாவுக்கும் முதலிலிருந்தே தெரியுமாம், நிறைமதியைத் தூக்கிக்கொண்டு கிளம்பு, படையலுக்கு முன்னால் போய்விடு, போனை எல்லார் முன்னாலும் நீட்டு, நான் சொல்கிறேன். சொல்லிவிட்டு நின்றபோது தன் மூச்சு நாய் மூச்சு மாதிரி இரைப்பது அவளுக்கே கேட்டது.

"ஒரு வருசம் ஆச்சே மதினி," என்றாள் செண்பகம்.

திட்டவில்லை. அந்த ஒரு வருஷத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். இரண்டு பேரும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் நிறைமதி யாரும்மா என்று கேட்டது, குரல் வளர்ந்திருந்தது. பீரோக் கதவு திறந்தது, ஹேங்கர்கள் கிணுகிணுத்தன. அப்பா, கோவில்பட்டிக்கு அடுத்த பஸ் எப்ப என்று செண்பகம் தள்ளி நின்று யாரையோ கேட்டாள், எட்டேகாலுக்கு ஒண்ணு உண்டு என்று ஒரு ஆண் குரல் கேட்டது. பிறகு போன் வாய்க்குப் பக்கத்தில் வந்தது.

"வச்சிராதீங்க மதினி. போயி வாசல்ல ஏறுத வரைக்கும் வைக்காதீங்க. வச்சிட்டா மறுபடி எடுக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும்."

இசக்கி திரையைப் பார்த்தாள், சார்ஜ் நாற்பத்து மூன்று. மலையின் இந்த மடிப்பில் சிக்னல் இரண்டு கோடு, நாலு மரம் அந்தப் பக்கம், மான் கிடக்கிற இடத்துக்குப் போனால் அதுவும் இருக்காது. கீழேயிருந்து ஹிசாயோ அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார், மறுபடியும் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை.

"வைக்கல," என்றாள். "நீ கிளம்பு."